காப்புக் கட்டியவரின் மோர்

1

இந்தக் கதை ஒரு பேருந்துப் படியில் கிடைத்தது. அங்கே எனக்குக் கிடைத்தவை மூன்று துண்டுகள். மிச்சம் முழுவதும் நான் கட்டியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் "இது நடந்ததா?" என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்காது.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, சித்திரை மாதம். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் மானாம்பதி வழியாகப் போகும் வண்டியில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒருவர் ஏற வந்தார். படிக்கு ஒரு சாண் முன்னால் அவருடைய கால்கள் நின்றுவிட்டன. அவர் நிற்க நினைக்கவில்லை. உடம்பு முன்னால் சாய்கிறது, கை கம்பியைத் தேடுகிறது, பாதங்கள் மட்டும் ஆணி அடித்தது போல. கண்டக்டர் சும்மா இருப்பாரா? "ஏறு பெர்சு, உனக்கு ஆலாத்தி எடுத்தாத்தான் ஏறுவியா?" என்றார். பின்னால் மனைவி நின்றிருந்தாள். தன் காலை அவருடைய பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தாள். அவர் அந்தக் காலைத் தாண்டினார். தாண்டிய வேகத்திலேயே படியிலும் ஏறிவிட்டார். இது முதல் துண்டு.

அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னாள்: "மாத்திர நேரம் தப்பிப்போச்சும்மா. நேரம் தப்புனா காலு தரையில ஒட்டிக்கும்." இது இரண்டாவது.

மடியில் ஒரு புது மஞ்சள் வேட்டி வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "வர்ற வெள்ளிக்கியம காப்பு. இந்த வருசம் பூ மிதிக்கிறாரு" என்றாள். எங்கள் பக்கத்தில் தீ மிதிப்பதைப் பூ மிதிப்பது என்றுதான் சொல்வார்கள். இது மூன்றாவது.

என் நிறுத்தம் வந்தது. இறங்கிவிட்டேன். படிக்கட்டின் முன்னால் நின்றுபோகும் கால்களையும், தணல் பரப்பிய குழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு அரிசியைக் களைந்து உலையில் போட மறந்து, வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டிருக்கிறேன்.

2

நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"வீராசாமிக்கு முதலில் நடுங்கியது வலது கைக் கட்டைவிரல். நாற்று முடியைப் பிரிக்கும்போது, உருத்திராட்சம் உருட்டுகிறவர் போல அந்த விரல் தானாகவே..." (நிறுத்திவிட்டேன். அழகாக இருக்கிறது. ஒரு நோய் அழகாகத் தெரிய ஆரம்பித்தால் எழுதுகிறவள் பேனாவைக் கீழே வைக்கவேண்டும்.)

"அம்மனுடைய கண்கள் எல்லாவற்றையும்..." (வேண்டாம். அம்மனைக் கொண்டு ஆரம்பித்தால் பயம் முழுவதையும் அவள் தலையில் ஏற்றிவிட்டு நான் தப்பித்துக்கொள்வேன்.)

"உண்ணாமலை தவிட்டுப் பானைக்குள் கையை விட்டாள்." இது நிற்கட்டும். உண்ணாமலை என்று அந்த அம்மாளுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். அவளுடைய கணவர் வீராசாமி. தவிட்டுப் பானைக்குள் என்ன இருக்கிறது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

3

வீராசாமிக்கு ஏரிக்குக் கீழே சொந்த நிலம். நோய் வரும்வரை, ஊர்த் தீமிதியில் அவர் குடும்பத்திலிருந்து ஒருவர் இறங்காத வருடம் இருந்ததில்லை. கை நடுக்கமும் உடம்பு விறைப்பும் வந்த பிறகு இரண்டு வருடம் அவர் இறங்கவில்லை. அந்த இரண்டு வருடமும் பூ மிதிக்கும் நாளில் வீட்டுக்குள்ளேயே இருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார் என்று எழுதலாம், ஆனால் அவரால் திரும்பிப் படுக்க முடியவில்லை என்பதுதான் சரி.

சென்னையில் ஒரு டாக்டர் அதை நடுக்குவாதம் என்றார். மூளையில் ஊறவேண்டிய ஒன்று வற்றிப்போய்விட்டது, அதற்கு ஈடாக இந்த மருந்து என்று ஒரு புட்டியைக் கொடுத்தார். இரண்டு நிறக் கூட்டுக்குள் தூள் அடைத்த மாத்திரை. எச்சரிக்கை முழுவதையும் உண்ணாமலையிடம்தான் சொன்னார். நேரம் தவறக்கூடாது. நீயாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது, திடீரென்று நிறுத்தினால் உடம்பு பூட்டிக்கொள்ளும், காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகும். நீயாகக் கூட்டவும் கூடாது. கூடினால் உடம்பு தானாக ஆடும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அப்படி ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே கிளம்பி வா.

உண்ணாமலை வீட்டில் கடிகாரம் இல்லை. அவள் மூன்று பேருந்துகளைப் பிடித்துக்கொண்டாள். காலை காஞ்சிபுரம் வண்டியின் ஹாரனுக்கு ஒன்று, உச்சிக்கு மானாம்பதி வண்டி, வெயில் தாழ சாலவாக்கத்திலிருந்து திரும்பும் வண்டிக்கு ஒன்று. உத்திரமேரூர் மருந்துக்கடையில் சொல்லிவைத்தால்தான் மருந்து வரும் என்பதால், எப்போதும் பெட்டியில் பிரிக்காத புட்டி ஒன்று கூடுதலாக இருக்கும்.

தை மாதம் அவர் தானாக வேட்டி கட்டிக்கொண்டார். மாசியில் களத்துமேடு வரை நடந்தார். அன்று சாயங்காலமே அம்மன் கோயில் வாசலில் போய் நின்று, "எனக்குக் காலக் குடுத்துட்ட. இந்த வருசம் உன் பூவுல வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டார்.

(இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. காலைக் கொடுத்தது மருந்து. நன்றி போனது அம்மனுக்கு. அந்த நன்றியைச் செலுத்துவதற்கு மருந்தே தடையாகப் போகிறது. அதை அடுத்த பகுதியில் ஒரு நல்ல மனிதர் வாயிலிருந்து வரவைக்கிறேன்.)

4

காப்புக் கட்டிய வெள்ளிக்கிழமை. மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு. இனி எட்டு நாள் ஒரு வேளைச் சாப்பாடு. மற்ற நேரத்தில் மோர், பானகம். கவிச்சி கூடாது. காப்புக் கட்டிய வீட்டுக்காரர்கள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

வீராசாமியின் தம்பி எல்லப்பன் திருவிழாவுக்காக மெட்ராஸிலிருந்து வந்திருந்தான். அங்கே ஒரு மருந்து கிடங்கில் மூட்டை இறக்கும் வேலை. உண்ணாமலை உச்சி மாத்திரையை எடுத்துவந்து நீட்டினாள். எல்லப்பன் குறுக்கே கையை நீட்டி அதை வாங்கிப் பார்த்தான்.

"அண்ணே, இத்தயா துன்ற?"

"ஏன்டா?"

"இந்தக் கூடு இன்னாத்துல பண்றது தெரியுமா? எலும்பு, தோலு எல்லாம் போட்டு காய்ச்சி எடுக்கிற பசை. எங்க கிடங்குல மேஸ்திரியே சொல்லிக்கீறாரு. கவுச்சிண்ணே இது. காப்பு கட்டிக்கினு இத்தப் போயி..."

வீராசாமியின் கை பின்வாங்கியது.

"நீ எதுக்குப்பா இப்ப அத்த சொன்ன?" என்றாள் உண்ணாமலை.

"தெரிஞ்சத சொன்னா தப்பா அண்ணி? நாளைக்கு பூவுல கால் வச்சி ஏதுனா ஆச்சினா, தெரிஞ்சும் சொல்லாம இருந்தியேடா பாவின்னு நீதான் கேப்ப."

"கூடுதானே கவுச்சி? பிரிச்சி உள்ள கீற தூள மட்டும் மோருல கலக்கித் தரேன் மாமா."

வீராசாமி சிரித்தார். நோய் வந்த பிறகு அவருடைய முகம் சிரிப்புக்கு அவ்வளவாக அசையாது. அன்று அசைந்தது. "இன்னாமே பேசற. மீன் கொழம்புல மீன எடுத்து வச்சிட்டு கொழம்ப மட்டும் ஊத்திக்கினா அது சைவமா?"

எல்லப்பனும் சிரித்தான். "அண்ணன் வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

"எட்டு நாளுதானே. காலக் குடுத்தவ எட்டு நாளு பாத்துக்க மாட்டாளா? அந்தப் புட்டிய கெணத்துல போடு."

உண்ணாமலை புட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கிணற்றைச் சுற்றிக்கொண்டு கொட்டகை வழியாகத் திரும்பி வந்தாள். தவிட்டுப் பானைக்குள் அது போனது இப்படித்தான்.

5

எல்லப்பனை வில்லனாக்கிவிடலாமா என்று ஒருநாள் முழுவதும் யோசித்தேன். அண்ணன் நிலத்தின் மேல் கண் என்று ஒரு வரி போதும். வாசகர்களுக்கும் வசதி, கோபத்தை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும். ஆனால் அவன் சொன்னது உண்மை.* அவன் அண்ணனை நேசிக்கிறான். அண்ணன் கால் வெந்துவிடக்கூடாது என்று பயந்துதான் சொன்னான்.

* விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்தக் கூடு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவதுதான். ஒரு டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் வேறு வழி ஏதாவது பார்த்திருப்பார். காப்புக் கட்டும் நாளில்தான் இந்தப் பேச்சு வரும், காப்புக் கட்டிய பிறகு எல்லை தாண்ட முடியாது என்பது என் கதைக்கு வாய்த்த கெட்ட நேரம். கெட்ட நேரத்தையும் நானேதான் வைத்தேன்.

6

மறுநாள் சாயங்காலத்துக்குள் வீராசாமி கட்டையாகிவிட்டார். எழுந்து உட்கார எல்லப்பன் தூக்கவேண்டியிருந்தது. எச்சில் ஒழுகியது. உண்ணாமலை அடிக்கடி அவருடைய நெற்றியைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் காணும் என்று டாக்டர் சொன்ன வார்த்தை அவள் உள்ளங்கையிலேயே இருந்தது. நெற்றி சுட்டதா, வெயிலா, அவள் கையேதான் சுட்டதா, அவளுக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த காலை, காஞ்சிபுரம் வண்டியின் ஹாரன் கேட்டபோது,

உண்ணாமலை தவிட்டுப் பானைக்குள் கையை விட்டாள்.

(என் தொடக்கம் ஆறாம் பகுதியில் வந்து சேர்ந்திருக்கிறது. மன்னிக்கவும்.)

கூட்டைத் திருகிப் பிரித்தாள். தூளை மோரில் தட்டி, உப்பை ஒரு கல் அதிகமாகப் போட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டுக் கலக்கினாள். வெறும் கூட்டை அடுப்பில் போட்டாள். அது சுருண்டு எரிந்தபோது, மயிர் பொசுங்கும் வாடை வந்தது. கவிச்சிதான். எல்லப்பன் பொய் சொல்லவில்லை. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"இன்னாமே, மோரு ஒரு மாதிரி கீது?"

"பெருங்காயம் கொஞ்சம் கூடப் போயிடுச்சி. குடி மாமா."

அவர் குடித்தார். அவர் குடித்து முடிக்கும் வரை அவள் சொம்பின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக அவளிடமிருந்து வாங்கி அவர் சாப்பிட்ட எதிலும் அவள் ஒன்றை மறைத்துவைத்ததில்லை. அவருக்காகத்தான் செய்தாள், வேறென்ன செய்வாள் என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தெரியாமல் ஒருவர் வாயில் ஒன்றைப் போடுகிற கைக்கு ஒரு குளிர்ச்சி வந்துவிடுகிறது. அந்தக் குளிர்ச்சியைத்தான் அவள் அன்றைக்குப் பயம் என்று நினைத்திருப்பாள்.

உச்சிக்குள் அவர் எழுந்து நின்றார். "பாத்தியா? ஆத்தா வுட்டுடல" என்றார். அவருடைய கண் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவளும் அவரைப் பார்க்கவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

7

இங்கே நான் ஒரு நாணயமான காரியம் செய்யவேண்டும். உண்ணாமலைக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை உங்களிடம் மறைத்துவைத்து, கடைசியில் எடுத்துக் காட்டித் திடுக்கிட வைப்பது பழைய வித்தை. ஒரு மறைப்பைப் பற்றி எழுதிக்கொண்டே நானும் மறைக்கமாட்டேன்.

அதே காலையில், அதே பயத்தோடு, வீராசாமி பெட்டியிலிருந்த பிரிக்காத புட்டியைப் பிரித்துவிட்டார். ஒரு பகல், ஓர் இரவு கட்டையாகக் கிடந்ததே அவருக்குப் போதுமாயிருந்தது. எல்லப்பனைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, பிறகு அவனை ஏமாற்றி அனுப்பிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், மாட்டுத் தொட்டியைப் பார்த்தபடி ஒரு மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து மூன்று பேருந்துக்கும் இரண்டிரண்டு. ஒன்று அடுப்படியில் மோரில். ஒன்று கொட்டகையில் வெறும் தொண்டையில். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நடுவில் ஒரு மண்சுவர்.

உடம்பு இளகியது அவளுடைய தூளால் என்று அவள் நினைத்தாள். தன் மாத்திரையால் என்று அவர் நினைத்தார்.

8

பிறகு உடம்பு அளவுக்கு மீறி இளகியது. முதலில் தோள் சுழன்றது. கழுத்து பாம்பு போல அசைந்தது. உட்கார்ந்த இடத்தில் கால்கள் தாளம் போட்டன. அடுத்த நாள் கோயில் பந்தலில் பம்பை அடித்தபோது வீராசாமி உடம்பு முழுவதும் ஆடியது. கை காற்றில் எழுதியது. நாக்கு வெளியே வந்து வந்து போனது.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள்தான் முதலில் குரல் கொடுத்தாள். "ஆத்தா வந்துட்டாடீ! ரெண்டு வருசம் மூலையில கெடந்த மனுசன் மேல வந்துட்டாடீ!" தண்ணீரை எடுத்து அவருடைய காலில் ஊற்றினாள். பெண்கள் விழுந்து கும்பிட்டார்கள். குறி கேட்டார்கள். கோவிந்தம்மாள் தன் காணாமல் போன வெள்ளாட்டைப் பற்றிக் கேட்டாள். வீராசாமி மேற்கே கை காட்டினார். அந்தக் கை அப்போது எல்லாத் திசையையும் காட்டிக்கொண்டிருந்தது. மேற்கே போனவர்களுக்கு ஆடு கிடைத்தும்விட்டது.

(ஆடு கிடைக்கவேண்டுமா என்று தயங்கினேன். கிடைத்தால்தான் ஊர் நம்பும். ஊர் நம்பினால்தான் உண்ணாமலை தனியாவாள். கிடைக்கட்டும்.)

வீட்டுக்கு வந்ததும் அவர் அடுப்படி வாசலைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தப் பொண்ணுங்களுக்கு ஏதுனா சாப்பிடக் குடுமே."

"எந்தப் பொண்ணுங்க?"

"தோ, தண்ணிப் பானைகிட்ட. மூணு பேரும் தல ஈரமா நிக்கிறாங்க பாரு. எவ்ளோ நேரமா நிக்கிறாங்க."

தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அகப்பை மட்டும் சாய்ந்திருந்தது. உண்ணாமலை ஒரு தட்டில் சோற்றைப் போட்டு அங்கே கொண்டுபோய் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளையே கேட்டேன். எனக்குப் பதில் சொல்லும் அளவுக்கு அவள் இதற்குள் வளர்ந்துவிட்டாள்.

"வைக்காம இருந்தா அவரு பயந்துடுவாரு" என்றாள்.

"டாக்டர் சொன்னது நினைவுக்கு வரவில்லையா? கூடினால் இல்லாதது தெரியும் என்று?"

"வந்துச்சி. ஆனா நான் கூட்டலியே! எண்ணி எண்ணித்தானே போடறேன். மருந்து கூடல, பின்ன இது இன்னா? ஆத்தாவாத்தான் இருக்கணும். ஆத்தான்னா, நான் மோருல போடறது அவளுக்குத் தெரிஞ்சிபோச்சி. தெரிஞ்சிதான் வந்துக்கிறா. அவரு மேல வந்து என்னப் பாக்கறா."

நான் அவளுக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுதுகிறவள்தானே, ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொல்லவில்லை. அவள் பயப்படுவது எனக்குத் தேவையாக இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு துளி என்று அவளுடைய பயத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். நானும் அளவு தெரியாமல் போடுகிறவள்தான்.

9

தீமிதி நாள். விடிந்தபோதே கோயில் முன்னால் கட்டைகளை அடுக்கிக் கொளுத்திவிட்டார்கள். பொழுது சாயும்போது அது தணலாகியிருக்கும்.

காஞ்சிபுரம் வண்டி ஹாரன் அடித்தது. உண்ணாமலை மோரைக் கொடுத்துவிட்டு, சாணம் அள்ளக் கூடையோடு கொட்டகைக்குப் போனாள். வீராசாமி அவளுக்கு முதுகைக் காட்டியபடி தொட்டியருகில் நின்றிருந்தார். தலை பின்னால் சாய்ந்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு, ஆடிக்கொண்டிருந்த கைகளைச் சிரமப்பட்டு முகத்துக்குக் கொண்டுவந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு அடி கன்னத்திலும் ஒரு அடி காதிலும் விழுந்தது. திரும்பவும் சரியாகப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கன்னத்தில் போட்டுக்கொண்டதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னது. அவளும் தினமும் அதே காரியத்துக்கு அதைத்தானே செய்கிறாள்.

கூடையை வைக்காமலே திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். ஆத்தா வரவில்லை. தண்ணீர்ப் பானைக்கருகில் நிற்கும் பெண்கள், கோவிந்தம்மாள் அவருடைய காலில் தண்ணீர் ஊற்றியது, ஊர் கும்பிட்டது, எல்லாம் ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரை. பாதி அவள் கொடுத்தது.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்குள் வீராசாமியே அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டார். உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர்.

"உண்ணாமல, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு மாமா."

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். இன்னா தப்புன்னு கேக்காத. ஆத்தாவுக்கு அது தெரியும். தெரிஞ்சும் எம்மேல வந்தா பாரு. ஊரே பாக்க வந்தா. மன்னிச்சிட்டாமே. என்ன மன்னிச்சிட்டா." மூச்சு வாங்கினார். "இனிமே எனக்கு ஒண்ணியும் வோணாம். அவ பாத்துக்குவா."

இத்தனை வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அவருடைய நைனா இறந்தபோது மட்டும்தான்.

10

இனிமே எனக்கு ஒண்ணியும் வோணாம்.

இந்த வாக்கியத்தை நானும் உண்ணாமலையும் சேர்ந்து ஒரு பகல் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொட்டகை மாத்திரையை இனி விழுங்கமாட்டேன் என்கிறாரா? இல்லை, சந்தோஷத்தில் வருகிற வெறும் பேச்சா? அவரால் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. அவர்தான் மாத்திரையே சாப்பிடுவதில்லையே!

உச்சி வண்டி போனபோது எல்லப்பன் அவரைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். அந்த வேளைக்கு அவள் ஒன்றும் கொடுக்கவில்லை. அவராக ஏதாவது விழுங்கினாரா, தெரியாது. பெட்டியைத் திறந்து பார்த்தாள். புட்டி அங்கே இல்லை, இடுப்பில் செருகியிருக்கிறாரோ, தூக்கி எறிந்துவிட்டாரோ. இப்போது சாலவாக்கம் வண்டி திரும்புகிற நேரம். அவர் குளித்து, புது மஞ்சள் வேட்டி கட்டி, மாலை போட்டு உட்கார்ந்திருக்கிறார். உடம்பு காலையைவிடக் குறைவாக ஆடுகிறது. குறைந்தது நல்லதற்கா, கட்டையாகப் போவதற்கு முன்னால் வரும் அமைதியா, அதுவும் தெரியாது. இந்த வேளை மருந்துதான் பொழுது சாயும்போது அவருடைய கால்களில் இருக்கும்.

அவர் தன் மாத்திரையை விழுங்கியிருந்து, இவளும் மோரில் போட்டால், தணல் நடுவில் அவருடைய உடம்பு ஆடும். ஈரத் தலையோடு யாராவது எதிரில் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு வழிவிட விலகுவார்.

அவர் விழுங்காமல், இவளும் போடாமல் விட்டால், நடுக்குழியில் கால்கள் நின்றுவிடும். தரையில் ஒட்டிக்கொள்ளும்.

எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அவரைக் கேட்பது. கேட்டால், நீ ஏன் கேட்கிறாய் என்று வரும். அதற்குப் பதில் சொன்னால் மோர் வெளியே வரும். மோர் வெளியே வந்தால், அவர் மேல் வந்தது யார் என்பதும் வெளியே வரும். இன்றைக்குக் காலையில் கிடைத்த மன்னிப்பைச் சாயங்காலம் அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவேண்டும்.

11

முடிவுகள். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அவள் பேசாமல் இருந்துவிடுகிறாள். பம்பை முழங்குகிறது. பூசாரிக்குப் பின்னால் வீராசாமி இறங்குகிறார். முதல் அடி, இரண்டாவது அடி, நடுக்குழியில் அவருடைய கால்கள்... (முடிக்கமாட்டேன். என்னால் முடியாது.)

இன்னொன்றில் பாதித் தூளைப் போடுகிறாள். இது உங்களுக்கும் தோன்றியிருக்கும், புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. யோசித்துப் பாருங்கள். அவர் விழுங்கியிருந்தால் பாதி அதிகம். விழுங்காவிட்டால் பாதி குறைவு. இரண்டு பக்கமும் தவறாகப் போகிற ஒரே வழி அதுதான். நீயாகக் கூட்டாதே, நீயாகக் குறைக்காதே என்று டாக்டர் சொன்னபோது, இதைத்தான் மனதில் வைத்திருப்பார்.

நான் அதிகமாக ஆசைப்பட்டது மூன்றாவதற்கு. உண்ணாமலை அவருடைய கையைப் பிடித்து, "தொட்டுட்டேன். நான் இன்னிக்கி வூட்டுக்கு தூரம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறாள். தீட்டுப்பட்டவர் பூவில் இறங்க முடியாது. பழி அவளோடு போகும், அவருடைய மன்னிப்பு அப்படியே இருக்கும், கால்களும் இருக்கும். எவ்வளவு அழகான தியாகம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தபோது, கதைக்குள்ளிருந்து கோவிந்தம்மாள் கத்தினாள்: "யாருகிட்டமே கத வுடற? உனக்கு நின்னு நாலு வருசம் ஆவுது. எனக்கு ஒரு மாசம் முன்னாடிதானே உனக்கு நின்னுச்சி!" ஊர் சிரித்துவிட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

அம்மன் காப்பாற்றிவிடுகிறாள் என்றொரு முடிவும் இருக்கிறது. அதை எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. அவள் செய்வாளோ மாட்டாளோ, அதை அவள்தான் சொல்லவேண்டும்.

ஒன்று மட்டும் கவனித்தேன். நான் எழுதிய எல்லா முடிவிலும் உண்ணாமலை தனியாகவே முடிவெடுக்கிறாள். மருந்தை மறைத்தபோது தனியாக மறைத்தாள், அவரும் தனியாக மறைத்தார். இப்போது காப்பாற்றுவதையும் தனியாகவே செய்யப் பார்க்கிறாள். பேருந்துப் படியில் நான் பார்த்த அந்த அம்மாள் இப்படிப்பட்டவளாக இருந்திருப்பாளா? இல்லை, தனியாகவே பயந்து பழகிய என் குணத்தை இவளுக்கும் கொடுத்துவிட்டேனா? இதை எழுதும்போதே நான் யாரிடம் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தேன். அடுத்த கணம் பேனாவை எடுத்துக்கொண்டேன்.

12

சாலவாக்கம் வண்டியின் ஹாரன் ஏரிக்கரைத் திருப்பத்தில் கேட்கிறது.

உண்ணாமலை மோர்ச் சொம்போடு வருகிறாள். மோரில் இன்னும் ஒன்றும் இல்லை. பிரித்த தூள் ஒரு வெற்றிலையில் மடித்து அவளுடைய இடுப்பில் இருக்கிறது. கோயில் பக்கத்திலிருந்து பம்பை கிளம்பிவிட்டது. அழைத்துப்போக ஆட்கள் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். எல்லப்பன் வாசலில் நின்று, "தோ வந்துட்டாருப்பா, மோரு குடிச்சிக்கினு கீறாரு" என்று அவர்களுக்குக் குரல் கொடுக்கிறான்.

வீராசாமி சொம்புக்காகக் கையை நீட்டுகிறார். அவள் கொடுக்கவில்லை. அவருக்கு எதிரில் தரையில் உட்காருகிறாள். காப்புக் கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக அவருடைய கண்ணைப் பார்க்கிறாள். அவரால் தப்பிக்க முடியவில்லை, அவரும் பார்க்கிறார்.

"மாமா" என்கிறாள்.

"இன்னாமே?"

இந்த இடம் வரை அவளை நான் கூட்டிவந்துவிட்டேன். அடுத்த வாக்கியத்தை நான் எழுதினால் அது நான் பயந்து எழுதியதாகத்தான் இருக்கும். அவளுடைய வாய் திறந்திருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள். என்ன சொன்னாலும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், பம்பைச் சத்தத்தில் அவருக்குக் காது கேட்காது.